ஊரின் வளம் யார் கையில்?

கல்முனைக் கரையிலிருந்து ஒரு பாடம்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "நிலம் இருந்தது, நீர் இருந்தது, உழைக்கும் கையும் இருந்தது. அப்படியிருந்தும் நாம் ஏன் கடன்காரராகவே இருந்தோம்?" இந்தக் கேள்விக்கு யுத்தமும் கடலும் மட்டும் விடையல்ல. யுத்தத்துக்கு முன்னரும் கடன் இருந்தது. ஆகவே இழந்ததை மீளப் பெற முயலும்போது பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும் போதுமா என்பதையும் நாம் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

இப்பாடத்தைக் குடும்பத்தவரும் அயலவரும் ஒன்றாக அமர்ந்து வாசிப்பது நல்லது. எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்கலாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நிறுத்தி, உங்கள் ஊர் நிலைமையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

1. மணலில் வீடு, மேற்கே வயல்

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று வடக்கிலிருந்து தெற்காக ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகின்றன. கிழக்கே கடல். நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகளும் தென்னைகளும். மேற்கே சம்மாந்துறைப் பக்கமாக வட்டை வட்டையாக வயல்கள்.

இந்த வயல்களுக்கு நீர் தருவது பட்டிப்பளை ஆறு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டது. அங்கே தேங்கிய சேனநாயக்க சமுத்திரமே இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. இன்றும் நாட்டில் அதிகம் நெல் விளையும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த அமைப்பிலேயே ஓர் ஆபத்தும் இருந்தது. வீடு ஓரிடம், வயல் வேறிடம். யுத்த காலத்தில் மேற்கே போகும் பாதை மூடப்பட்டபோது, சொந்த வீட்டில் படுத்துறங்கிக்கொண்டே வயலை இழந்தவர்கள் இங்கே பலர். முஸ்லிம் கமக்காரரும் இழந்தனர். தமிழ்க் கமக்காரரும் இழந்தனர். வீட்டையும் சேர்த்து இழந்து நலன்புரி நிலையங்களுக்குப் போனவர்கள் வேறு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான். இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேல். பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற விதி வந்து, தளர்த்தப்படும் வரை, கடலோரக் குடும்பங்களை மேலும் அலைய வைத்தது.

வயலும் கடலும் தறியும் வியாபாரமும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் கரை இது. இவ்வளவு வளமுள்ள இடத்தில் வறுமை ஏன் என்பதை விளங்கிக்கொள்ள மூன்று கேள்விகள் நமக்கு உதவும்.

2. மூன்று கேள்விகள்

எந்தத் தொழிலை எடுத்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதலாவது: மூலப்பொருள் யாருடையது?
இரண்டாவது: கருவி யாருடையது?
மூன்றாவது: விலையைச் சொல்பவர் யார்?

மூன்றும் நம் கையில் இருந்தால் அது நல்ல தொழில். இரண்டு இருந்தால் தாக்குப் பிடிக்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் எப்பொழுதும் பிறர் தயவில் நிற்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் நாம் விற்பது கூலியை மட்டும்தான். வளம் ஊரில் இருப்பது வேறு. அது ஊராரின் கையில் இருப்பது வேறு. இந்த வேறுபாடுதான் இப்பாடத்தின் மையம். இதைக் கொண்டு எமது கரையின் தொழில்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

3. நெல்: விளைவித்தவரே அரிசி வாங்கும் நிலை

நெல்லில் மூலப்பொருள் கமக்காரருடையது. ஆனால் ஆலை பிறருடையது. விலையையும் பெரும்பாலும் பிறரே சொல்கிறார்கள். விதைப்புக்குப் பசளையும் எண்ணெயும் கடனுக்குத் தந்தவர் சூடு அடிக்கும் நாளில் களவெட்டிக்கே வந்து நிற்கிறார். எல்லோரும் ஒரே வாரத்தில் அறுவடை செய்வதால் விலை விழுகிறது. காய விடவும் நேரமில்லை, வைக்கவும் இடமில்லை. பச்சை நெல்லாகவே லொறியில் ஏறிப் போகிறது. சில மாதங்களில் அதே குடும்பம் கடையில் அரிசி வாங்குகிறது.

நெல் சந்தைப்படுத்தும் சபை 1971இல் இதற்காகவே அமைக்கப்பட்டது. ஆயினும் சபை கொள்வனவைத் தொடங்குவதற்கு முன்னரே கடன்காரக் கமக்காரரின் நெல் வியாபாரியிடம் போய்விடுவதுண்டு. காத்திருக்க முடிந்தவருக்கே விலை கிடைக்கிறது.

இதில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் இன்றைய விலையை இட்டு நீங்களே மீண்டும் கணக்கிடுங்கள்.

100 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோகிராம் அரிசி கிடைக்கும். 20 கிலோகிராம் அளவில் உமியும், 8 முதல் 10 கிலோகிராம் வரை தவிடும் கிடைக்கும். ஒரு குடும்பம் 300 கிலோகிராம் நெல்லை அறுவடை நேரத்தில் கிலோ 80 ரூபாவுக்கு விற்றால் கையில் வருவது 24,000 ரூபா. அந்த நெல்லை வைத்திருந்து குற்றினால் 195 கிலோகிராம் அரிசி. அதே அரிசியைக் கடையில் கிலோ 200 ரூபாவுக்கு வாங்கினால் 39,000 ரூபா. அவிக்கவும் குற்றவும் கிலோவுக்கு 10 ரூபா வீதம் 3,000 ரூபா செலவு என்று வைத்துக்கொண்டாலும், வித்தியாசம் 12,000 ரூபா. தவிடும் உமியும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த 12,000 ரூபாவை யாரும் திருடவில்லை. காயவிடுதல், அவித்தல், குற்றுதல், வைத்திருத்தல் என்ற நான்கு வேலைகளுக்கான கூலியும் இலாபமும் அது. அந்த வேலைகள் நம் முற்றத்தை விட்டுப் போனபோது அந்தப் பணமும் கூடவே போய்விட்டது.

மூலப்பொருளும் முழுமையாக நம்முடையதா என்பதை 2021இல் கண்டோம். அவ்வாண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்திருந்தது. விளைச்சல் விழுந்தது. சேதனப் பசளை தவறல்ல; ஆனால் ஒரு போகத்துக்குள் நாடு முழுவதும் அதற்கு மாற முடியாது. சாணம், வைக்கோல், இலைகுழை ஆகியவற்றை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குத் திருப்பி வந்த கமக்காரருக்கு, பசளைக்காகக் கடைவாசலில் காத்து நிற்கும் தேவை சற்றுக் குறைவு.

4. தறி: கை நம்முடையது, நூல் பிறருடையது

கைத்தறி என்றால் இலங்கையில் பலருக்கும் நினைவு வரும் ஊர்களில் மருதமுனை ஒன்று. சாரமும் சேலையும் நெய்து வாழ்ந்த ஊர். அங்கே வீடே தொழிற்சாலை. ஒருவர் நூல் சுற்ற, ஒருவர் பாவு ஓட்ட, ஒருவர் தறியில் அமர என்று குடும்பம் முழுவதற்கும் வேலை இருந்தது.

1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுத் துணி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அப்போது நாடெங்கும் கைத்தறி செழித்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்ததும் கைத்தறி தளர்ந்தது. யுத்தம் சந்தைப் பாதைகளை மூடியது. 2004இல் கடல் மருதமுனையின் கரையோரத்தை அழித்தபோது தறிகளும் போயின. தறிகளை மீண்டும் அமைத்தவர்கள் உண்டு. ஆனால் 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் நூலுக்கும் சாயத்துக்கும் நெசவாளர் கொடுக்க வேண்டிய விலையும் அதற்கேற்ப ஏறியது.

மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். தறி நெசவாளருடையது, சில வீடுகளில் அதுவுமில்லை. நூல் வெளியிலிருந்து வருகிறது. நூலைத் தருபவரே துணியையும் வாங்கினால் இரு பக்க விலையையும் அவரே சொல்கிறார். நெசவாளரின் திறமை எவ்வளவு உயர்ந்ததானாலும் அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே "தொழில் பழகிக்கொள்ளுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்" என்று பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புவது அரைவாசி உதவிதான். பத்து நெசவாளர் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்கினால் இரண்டாவது பிடி கிடைக்கும். சேர்ந்து விற்றால் மூன்றாவதிலும் ஒரு பங்கு கிடைக்கும்.

5. பாயும் தயிரும்: சிறிய தொழில், நீண்ட சங்கிலி

சதுப்பு நிலத்தில் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயமிட்டுப் பாய் இழைப்பது இந்தக் கரைப் பெண்களின் பழைய கைவேலை. மூலப்பொருள் அயலில் கிடைக்கிறது. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை; கையே கருவி. குறை இருப்பது விலையில்தான். கொழும்பில் என்ன விலைக்குப் போகிறது என்பது இழைத்தவருக்குத் தெரிவதில்லை. பன் வளரும் நிலங்களை மண்ணிட்டு நிரப்பினால் மூலப்பொருளும் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டித் தயிர் இன்னொரு நல்ல உதாரணம். மாட்டுக்காரர் பால் கறக்கிறார். குயவர் சட்டி செய்கிறார். ஒருவர் உறை ஊற்றுகிறார். இன்னொருவர் கொண்டுபோய் விற்கிறார். மேய்ச்சற்தரையும் களிமண்ணும் வைக்கோலும் எல்லாமே உள்ளூர். ஒரு சட்டி தயிருக்குக் கொடுக்கும் பணம் நான்கு வீடுகளுக்குப் போகிறது. அந்த நான்கு வீடும் ஒரே ஊராக இருக்க வேண்டியதில்லை. ஒரே சமயமாகவும் இருக்க வேண்டியதில்லை. வெளியூரில் அடைத்து வரும் தயிர்க் கோப்பையை வாங்கினால், கடைக்காரரின் சிறு இலாபம் தவிர மீதி முழுவதும் ஊரைவிட்டுப் போய்விடும்.

முன்னர் களவெட்டிக்கு மீனும் கருவாடும் மட்பாண்டமும் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போன காலத்தை முதியவர்கள் அறிவார்கள். கடற்கரையும் வயற்கரையும் ஒன்றுக்கொன்று சந்தையாக இருந்தன. யுத்தம் உடைத்தது அந்தச் சந்தையையும்தான். அயலூரை நம்பாத நிலை வந்ததும் இரண்டு ஊரும் தூரத்து வியாபாரியிடமே வாங்கவும் விற்கவும் வேண்டியதாயிற்று. அயலவரோடு மீண்டும் கொடுக்கல் வாங்கல் தொடங்குவது நல்லுறவுக்கான பேச்சு மட்டுமல்ல; வயிற்றுக்கான வழியும் அதுவே.

6. அதே ஆண்டில் அழிந்த இன்னொரு தீவு

எமது கரையைக் கடல் அழிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2004 செப்டெம்பர் 7ஆந் திகதி, உலகின் மறுபக்கத்தில் கரிபியன் கடலிலுள்ள கிரெனடா என்ற தீவை 'ஐவன்' என்ற சூறாவளி தாக்கியது. பத்து வீட்டில் ஒன்பது வீடு சேதமானது. அந்த மக்களும் நம்மைப் போல நிலத்தை நம்பியவர்கள். அவர்கள் மீண்டெழுந்த விதத்தை நமது மூன்று கேள்விகளைக் கொண்டு பார்ப்போம்.

கிரெனடா மிகச் சிறிய நாடு. பரப்பு 344 சதுர கிலோமீற்றர். மக்கள் தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூட. அந்நாட்டின் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. 1947இல் அங்குள்ள சாதிக்காய்ச் செய்கையாளர் ஒரு கூட்டுறவுச் சங்கமாக அமைந்தனர். சங்கத்திடம் கொடுக்கும்போது ஒரு முற்பணம்; ஏற்றுமதி முடிந்தபின் மேலதிகப் பங்கு. பெரிய தோட்டக்காரரும் கால் ஏக்கர்க்காரரும் ஒரே வாசலில் விற்றனர். இந்தோனேசியாவுக்கு அடுத்ததாக உலகில் அதிகம் சாதிக்காய் கொடுத்த நாடு கிரெனடா. மூலப்பொருள் கையில், விலையிலும் ஒரு பிடி கையில்.

ஆனால் ஒரே மரத்தை நம்பியிருந்தார்கள். ஐவன் ஒரே நாளில் பெரும்பாலான சாதிக்காய் மரங்களைச் சாய்த்தது. புதிய கன்று காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வேண்டும். அதுவரை எதை உண்பது? பலர் கொக்கோவுக்குத் திரும்பினர். அது மூன்று நான்கு ஆண்டுகளில் பலன் தரும்.

இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. நெடுங்காலமாகக் கிரெனடா கொக்கோ விதையை மூடையில் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அங்கே சொக்கலேற் ஆனபின் விலை பல மடங்கானது. 1999இல், சூறாவளிக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, ஒரு சிறு குழு தீவிலேயே சொக்கலேற் செய்யத் தொடங்கியது. கொக்கோச் செய்கையாளரும் அக்கூட்டுறவில் சேர்ந்தனர். பழைய இயந்திரங்களைத் திருத்தி, சூரிய ஒளி மின்சாரத்தில் இயக்கினர். இன்று அந்தச் சிறு தீவில் பல சொக்கலேற் தொழிலகங்கள் உள்ளன. மரமும் அவர்களுடையது, இயந்திரமும் அவர்களுடையது, பெட்டியில் விலையை ஒட்டுபவரும் அவர்களே.

அருகிலுள்ள டொமினிக்கா, சென் லூசியா, சென் வின்சென்ற் தீவுகள் வேறொரு பாடம் தருகின்றன. 1950களிலிருந்து அவற்றின் வாழைப்பழத்துக்குப் பிரித்தானியச் சந்தையில் தனிச் சலுகை இருந்தது. வாரந்தோறும் கப்பல் வந்தது. சிறு கமக்காரர் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 1997இல் உலக வர்த்தக அமைப்பு அந்தச் சலுகை விதிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சலுகை சிறிது சிறிதாகக் கரைந்தது. கமக்காரரில் பெரும்பகுதியினர் வாழையைக் கைவிட்டனர். சிலர் நியாய விலை வர்த்தக முத்திரையின் கீழ்ச் சேர்ந்து விற்றுத் தாக்குப் பிடித்தனர். வாழை அவர்களுடையதுதான், விலை மட்டும் கடலுக்கு அப்பால் ஒரு சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. 1977இல் மருதமுனைத் தறிக்கு நேர்ந்ததும் இதே வகையான ஒன்றுதான். அரசாங்கம் போட்ட வேலிக்குள் வளர்ந்த தொழில், வேலி அகலும் நாளுக்கு ஆயத்தமாக இல்லை.

7. பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்கலாமா?

"துறைமுகம் வரட்டும், தொழிற்சாலை வரட்டும், எல்லாம் சரியாகும்" என்று சொல்வோர் உண்டு. ஒலுவிலில் துறைமுகம் வந்தது. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. ஆனால் இந்தக் கரையில் மணல் கடலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. வாசலில் மணல் நிரம்பியது; படகுகள் போக வர முடியாமற் போனது. வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. இவ்வாறு ஒரு புதிய இடம்பெயர்வும் உண்டாயிற்று.

பெரிய திட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பட்டிப்பளை ஆற்றின் அணையும் பெரிய திட்டமே. அது இன்றும் சோறு போடுகிறது. ஆனால் அது வரும்வரை கையைக் கட்டி இருப்பது பட்டினிக்கு வழி. வந்த பின்னும் நமது கைத்தொழிலும் கூட்டும் இல்லாவிட்டால், அதன் பயன் நம்மைக் கடந்து போய்விடும்.

8. இன்று தொடங்கக்கூடியவை

வயல் இல்லாத நிலையிலும் செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே தருகிறோம்.

(அ) உண்ணும் அரிசியை நெல்லாக வாங்குங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் போலப் பணம் சேர்த்து, அறுவடை நேரத்தில் தெரிந்த கமக்காரரிடம் நெல்லை வாங்கலாம். நன்றாகக் காய்ந்த நெல்லைக் கடித்தால் 'டக்' என்று முறியும். நசிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படாதிருக்க வேண்டும். மூடைகளை நிலத்தில் வையாது பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அவித்துக் குற்றுங்கள். கூலிக்குப் பதிலாக ஆலைக்காரர் தவிட்டை எடுத்துக்கொள்கிறாரா என்பதை முன்னரே கேட்டுப் பேசி முடியுங்கள்.

(ஆ) வீசப்படுவதைக் கணக்கில் எடுங்கள். தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் தீன். உமி, நெல் அவிக்கவும் செங்கல் சுடவும் எரிபொருள். வைக்கோல் மாட்டுத் தீனும் காளான் வளர்க்கும் படுக்கையும் ஆகும். வயலில்லாத குடும்பம் முதலில் கையில் எடுக்கக்கூடிய மூலப்பொருள் இதுவே. ஆனால் வாங்குபவர் யார் என்று தெரிந்த பின்னரே தொடங்குங்கள்.

(இ) தனித்து விற்காதீர்கள். பாயோ, முட்டையோ, தயிரோ, கல்முனைச் சந்தைக்குப் பத்துப் பேரின் பொருளை ஒருவர் கொண்டுபோனால் பிரயாணச் செலவு பத்தில் ஒன்று. விலையை மூன்று கடைகளில் கேட்டு வந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

(ஈ) கணக்கை எல்லோரும் பார்க்க எழுதுங்கள். நம் ஊர்களில் சங்கங்கள் பல முறிந்தது இலாபம் இல்லாததால் அல்ல. கணக்கு ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்ததால். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். ஒரு கொப்பி, இரண்டு கையொப்பம், மாதம் ஒரு கூட்டம் போதும்.

(உ) ஒன்றையே நம்பாதீர்கள். சாதிக்காய் மரம் சாய்ந்த கதையை நினைவில் வையுங்கள். ஒரு தொழிலோடு இன்னொரு சிறு வருமானம் கூட இருக்கட்டும்.

(ஊ) முதல் ஆண்டில் பெரும் கடன் வேண்டாம். இயந்திரத்தைக் கடனுக்கு வாங்கினால் கருவி நம்முடையதல்ல. கடன் தீரும்வரை அது கடன் தந்தவருடையது. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊரில் அதில் சேருங்கள்.

இவை எல்லாம் செய்தாலும் வயலுக்கு ஈடாகா. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. தவிட்டிலும் பாயிலும் ஒரு குடும்பம் உயிரோடு இருக்கலாம். தலைமுறைக்கு நிற்பது நிலம். ஆகவே பிழைக்கும் வழியைத் தேடும் அதே நேரத்தில் வயலின் உரிமையையும் காக்க வேண்டும்.

9. வயல் கைவிட்டுப் போகாதிருக்க

போக முடியாத வயலாக இருந்தாலும் அது எழுத்தில் உங்களுடையதாக இருக்கட்டும். கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் (2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கம்) விவசாயக் காணிகளுக்கு ஒரு பதிவேடு பேணப்படுகிறது. உங்கள் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, உங்கள் வயல் யாருடைய பெயரில் பதிவாகி இருக்கிறது என்று பாருங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, வங்கிக் கடன் பத்திரம் ஆகிய எதுவாயினும் எறியாதீர்கள். படி எடுத்து உறவினர் வீட்டிலும் ஒன்று வையுங்கள். பத்திரம் முழுவதும் கடலோடு போயிருந்தால், பக்கத்து வயற்காரர் யார், வாய்க்கால் எது, வட்டை விதானையார் யார் என்பதை முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். குத்தகைக்குக் கொடுத்தாலும் எத்தனை போகம் என்று எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த வயலைத் திரும்பக் கேட்கும்போது சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கரையில், தமிழர் முஸ்லிம் இருபாலாரிடையேயும், வீடு மகளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். கடற்கோளுக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரையே எழுதியதால், தாய்வழி வந்த வீட்டுரிமையைப் பெண்கள் பலர் இழந்தனர். தறியும் பாயும் தயிரும் கோழியும் எல்லாம் வீட்டிலேயே நடக்கும் தொழில்கள். வீடு யாருடையது என்பது தொழில் யாருடையது என்பதையும் தீர்மானிக்கிறது. புதிய வீட்டுக்குப் பெயர் பதியும்போது குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் குடும்பம் இப்போது செய்யும் தொழிலில் மூலப்பொருள், கருவி, விலை ஆகிய மூன்றில் எது உங்கள் கையில் இருக்கிறது? அடுத்த ஆண்டுக்குள் இன்னொன்றைக் கைக்குக் கொண்டுவர என்ன வழி?

2. கடந்த மாதம் வாங்கிய பொருள்களைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் அயலூரில் செய்யப்படுபவை எவை? அயலூரில் செய்யக்கூடியவை எவை?

3. உங்கள் ஊரில் முன்பு இயங்கி முறிந்துபோன சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் குற்றஞ் சாட்டாமல், அது எந்த இடத்தில் முறிந்தது என்று ஆராயுங்கள்.

4. மேலே உள்ள நெல்லுக் கணக்கை இன்றைய விலையில் செய்து பாருங்கள். உங்கள் பத்துக் குடும்பத்துக்கு ஒரு போகத்துக்கு எவ்வளவு மிஞ்சும்?

5. பக்கத்து ஊரில் மற்றச் சமூகத்தவரோடு முன்பு எந்தப் பொருளில் கொடுக்கல் வாங்கல் இருந்தது? அதில் எதை முதலில் மீண்டும் தொடங்கலாம்? யார் போய்ப் பேசுவது?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரையும் ஒரு நாளையும் குறித்த பின்னரே கூட்டத்தை முடியுங்கள்.